படித்தது பரீட்சை ஹாலில் நினைவுக்கு வர: குரூப் 4 எழுதுவோருக்கான முழு வழிகாட்டி

"படிச்சது எல்லாம் ஞாபகம் இருக்குக்கா. கேட்டாத்தான் வரமாட்டேங்குது." படிப்பகத்துக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைகள் பலரும் சொல்வது இதைத்தான். கையில் இருக்கும் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் மை. புத்தகத்தை மூடிவிட்டு, "சரி, இந்தப் பாடத்துல என்ன இருந்துச்சு, சொல்லு" என்றால் இரண்டு பெயர் வரும், அப்புறம் கூரையைப் பார்ப்பார்கள்.

படிக்கும் நேரம் குறைவு என்று நினைத்து இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் நேரத்தில் இருக்காது. எதை முதலில் செய்கிறோம், எப்போது புத்தகத்தை மூடுகிறோம் என்பதில் இருக்கும். ஆகவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வை வைத்தே எழுதியிருக்கிறேன். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ்த் தகுதித் தாள் பகுதியில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. வேறு தேர்வுக்குப் படிப்பவர்கள் பாடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

1. உட்காருவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஆறு முதல் பத்து வரையான சமச்சீர் புத்தகங்கள், புதிய பாடத்திட்டப் பதிப்பு. பழைய புத்தகக் கடையில் வாங்கினால் பதிப்பைப் பார்த்து வாங்குங்கள். முந்தைய பாடத்திட்டத்தில் பாட வரிசையே வேறு.

ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும் பழைய வினாத்தாள்களில் நான்கைந்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். போனில் பார்த்தால் போதாது. மேலே கிறுக்க வேண்டிய வேலை இருக்கிறது.

உள்ளங்கை அளவு அட்டைகள். சார்ட் வாங்கி வெட்டலாம். வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கம் இதற்கு அருமையாக உழைக்கும், தடிமனும் சரியாக இருக்கும். கூடவே ஒரு செருப்புப் பெட்டி. அட்டைத் துண்டுகளைச் செருகி ஐந்து அறையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று, ஒருபக்கத் தாள்கள், சாதாரண அலாரம் கடிகாரம்.

வேண்டாதவை: ஹைலைட்டர், மூன்று அகாடமியின் மெட்டீரியல், ஞாபகசக்தி டானிக். ஹைலைட்டரை ஏன் ஒதுக்கச் சொல்கிறேன் என்றால், கோடு போட்ட உடனே ஒரு வேலை முடிந்த திருப்தி வந்துவிடுகிறது. எது முக்கியம் என்பது முதல் வாசிப்பில் தெரியாது, அதனால் எல்லாமே மஞ்சளாகும். மெட்டீரியலைப் பொறுத்தவரை, ஒரே செய்தியை மூன்று பேர் மூன்று விதமாகச் சுருக்கியிருப்பார்கள். ஒன்றில் இருக்கும் ஆண்டு இன்னொன்றில் மாறியிருக்கும். சமச்சீர் புத்தகத்தை ஒருமுறை முடிக்காமல் அவற்றைத் தொடாதீர்கள்.

2. பாடத்துக்கு முன் வினாத்தாளைப் படியுங்கள்

புதியவர்கள் தலைகீழாகச் செய்வது இதைத்தான். எல்லாம் படித்து முடித்துக் கடைசி மாதத்தில் பழைய வினாத்தாளைத் திறப்பார்கள். அதற்குள் தேவையில்லாததை எல்லாம் எழுதி நான்கு நோட்டு நிரப்பியிருப்பார்கள்.

இன்று படிக்கப்போகும் பாடத்திலிருந்து பழைய தாள்களில் வந்த கேள்விகளைத் தேடி எடுங்கள். விடை போட முயன்று பாருங்கள், தப்பானாலும் பரவாயில்லை. பிறகு ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் அது எந்த வகை என்று குறியுங்கள்: பெயர் கேட்கிறதா, ஆண்டா, பொருத்துகவா, கூற்றும் காரணமுமா, "தவறானதைத் தேர்ந்தெடு"வா.

கேள்வியைப் பார்த்துவிட்டுப் பாடத்துக்குப் போனால் கண் எதைத் தேட வேண்டும் என்று அறிந்து போகிறது. இன்னொரு பலனும் உண்டு. தமிழ்ப் புத்தகத்தில் செய்யுளுக்குக் கீழே வரும் 'நூல் வெளி' பெட்டியை முதல் வாசிப்பில் எல்லோரும் தாண்டிப் போவார்கள். ஆசிரியர் பெயர், காலம், நூலின் அமைப்பு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. நான்கு வினாத்தாள் பார்த்த பிறகு யாரும் அதைத் தாண்ட மாட்டார்கள்.

3. வாசிப்பு: வேகம் எங்கிருந்து வருகிறது

ஒரு நிமிடத்தில் ஆயிரம் சொல் படிக்கக் கற்றுத்தருகிறோம் என்ற விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் நொடி. நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகள் மட்டுமே தெளிவாகத் தெரியும். முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் விழுங்கக் கண்ணின் அமைப்பே இடம் கொடுக்காது. கீத் ரெய்னர் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் இந்தத் துறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னது, வேகத்தை ஓரளவுக்கு மேல் கூட்டினால் புரிதல் குறையும் என்பதுதான்.

மனசுக்குள் உச்சரிப்பதை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்த வேண்டாம். கடினமான பத்தியில் அந்த உள்குரல்தான் வாக்கியத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. உதடு அசைவதை மட்டும் விட்டால் போதும்.

உண்மையான வேகம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, பழக்கமான சொற்கள். 'அரசியலமைப்புச் சட்டத்திருத்தம்' என்பதை முதல்முறை படிப்பவர் அதன் மேல் இரண்டு மூன்று முறை நிற்பார். இருபது பாடம் முடித்தவர் ஒரே தாவலில் கடப்பார். படிக்கப் படிக்க இது தானாக வரும், குறுக்கு வழி கிடையாது. இரண்டு, தேவையில்லாத பின்தாவலைக் குறைப்பது. தேர்ந்த வாசகரின் கண்ணும் இடையிடையே பின்னால் போகத்தான் செய்யும். கவனம் சிதறியதால் ஒரே வரியை நான்கு தடவை படிப்பதுதான் வீண். பேனா முனையை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டே படித்தால் இது வெகுவாகக் குறையும்.

ஒரு பாடத்தை இரண்டு நடையில் படியுங்கள். முதல் நடை ஐந்து நிமிடம்: தலைப்பு, துணைத்தலைப்பு, படம், பெட்டிச் செய்தி, கடைசியில் உள்ள பயிற்சி வினாக்கள். வரிகளைப் படிக்கக் கூடாது. பாடத்தில் என்னென்ன அறைகள் இருக்கின்றன என்று மட்டும் தெரிந்தால் போதும். இரண்டாம் நடை, வரிவரியாக, நிதானமாக. ஒரு துணைத்தலைப்பு முடிந்ததும் நிறுத்துங்கள். அடுத்ததுக்குப் போகும் முன் நான்காம் படி இருக்கிறது.

வேகத்தை அளக்க வேண்டுமென்றால், ஒரு பக்கத்துக்கு ஆகும் நேரத்தோடு அந்தப் பக்கத்திலிருந்து ஐந்து கேள்விக்கு எத்தனை சரி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நேரம் குறைந்து விடையும் குறைந்தால் அது வேகமாகாது. ஆங்கில வாசகர்களுக்குச் சொல்லும் நிமிடக் கணக்கை நமக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' நமக்கு ஒரே சொல்.

4. புத்தகத்தை மூடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

துணைத்தலைப்பு முடிந்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் நீலப் பேனாவால் நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். வாக்கியம் வேண்டாம், பெயர், இடம், ஆண்டு, எதனால் எது நடந்தது என்பது போதும். வரவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள். ஒரு நிமிடமாவது தலையைப் பிசைய வேண்டும். நினைவு பலப்படுவது அந்தப் பிசைதலில்தான். பிறகு திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பில் சேருங்கள்.

பத்தாம் வகுப்பு வரலாற்றில் பாளையக்காரர் கிளர்ச்சிப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். முதல் தடவை மூடி எழுதுபவரின் தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "புலித்தேவர் - நெற்கட்டும்செவல். கட்டபொம்மன் - கயத்தாறு - தூக்கு - 1799. மருது சகோதரர்கள் - தூக்கு - ? வேலுநாச்சியார் - சிவகங்கை. சின்னமலை - சங்ககிரி?" திறந்து பார்த்ததும் சிவப்பில் ஏறுவது: மருது சகோதரர்கள் 1801 அக்டோபர், திருப்பத்தூர், தீரன் சின்னமலை 1805 ஜூலை. திருப்பத்தூர் என்றதும் அது சிவகங்கைப் பக்கத்து ஊர், வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் வேறு என்பதையும் சிவப்பிலேயே எழுத வேண்டும். அடுத்த முறை குழப்பம் வருமிடம் அதுதான்.

அந்தச் சிவப்புதான் உங்கள் நோட்ஸ். நீலத்தில் இருப்பதைத் திரும்ப எழுதி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு குழு பாடப் பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

முதல் இரண்டு எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். திரும்பத் திரும்பப் படித்தால் 'எல்லாம் தெரியும்' என்ற எண்ணம் வருவது பொய்யில்லை, அன்று இரவு வரை அது உண்மைதான். நமக்குப் பரீட்சை அன்றிரவு இல்லை. நன்னூல் மாணவருக்கு விதித்த கடமைகளில் கேட்டவை நினைத்தலும் வினாதலும் வினாயவை விடுத்தலும் இருக்கின்றன. தமிழ்ப் பாடத்துக்கே அதைப் படிக்கிறோம், படிக்கும் முறையில் மட்டும் கைவிட்டுவிடுகிறோம்.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. தாளில் குறைவாக வந்ததும் மனம் விட்டு, மறுபடி படிக்கப் போய்விடுவது. குறைவாக வருவதுதான் இயல்பு. புத்தகத்தைத் திறந்து வைத்து 'பார்க்காமல்' எழுதுவது. கண் தானாகப் போகும், மூடி மேசைக்குக் கீழே வையுங்கள். மூன்றாவது, மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்பது. மனசுக்குள் எல்லோரும் நூற்றுக்கு நூறுதான். எழுதுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள்.

5. அட்டை எழுதுதல்

சிவப்பில் வந்தவற்றுக்கும் பழைய வினாத்தாளில் அடிக்கடி வரும் செய்திகளுக்கும் மட்டும் அட்டை. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. படிக்கும்போதே அட்டை எழுத ஆரம்பித்தால் அது படி எடுக்கும் வேலையாகிவிடும். நான்காம் படிக்குப் பிறகுதான் எது உங்களுக்குத் தங்காது என்று தெரியும்.

ஒரு அட்டைக்கு ஒரே செய்தி. "அரசியலமைப்பின் பிரிவு 352, 356, 360 என்ன?" என்பது மோசமான அட்டை. இரண்டு நினைவிருந்து ஒன்று மறந்தால் அந்த அட்டையை எந்த அறையில் வைப்பீர்கள்? மூன்று அட்டையாகப் பிரியுங்கள்: தேசிய நெருக்கடி நிலை 352, மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி 356, நிதி நெருக்கடி 360.

இரண்டு திசையிலும் எழுதுங்கள். "21ஏ எதைப் பற்றியது?" என்று ஒன்று, "6 முதல் 14 வயது வரை கல்வி உரிமை எந்தப் பிரிவு?" என்று இன்னொன்று. எண்ணிலிருந்து பொருளுக்குப் போகத் தெரிந்தவருக்குப் பொருளிலிருந்து எண்ணுக்கு வரத் தெரியும் என்று எண்ண வேண்டாம். பிரிவு ஒரு அட்டை, 86-ஆவது திருத்தம், 2002 என்பது தனி அட்டை.

ஒரு நாளைக்குப் புதிதாகப் பதினைந்து அட்டைக்கு மேல் வேண்டாம். இன்றைக்கு ஐம்பது எழுதுவது எளிது. பத்து நாள் கழித்து அவை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்போது பெட்டியையே மூடி வைத்துவிடுவீர்கள்.

6. இரட்டைப் பிள்ளைகளைப் பிரித்தல்

மறதியால் போகும் மதிப்பெண்ணைவிடக் குழப்பத்தால் போவது அதிகம். இரண்டு விடையும் தெரியும், எது எதற்கு என்பதுதான் தெரியாது. இதற்கு மறுபடி படிப்பது உதவாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பதினெண்கீழ்க்கணக்கில் நான்கு 'நாற்பது'கள்: இன்னா நாற்பது கபிலர், இனியவை நாற்பது பூதஞ்சேந்தனார், கார் நாற்பது கண்ணங்கூத்தனார், களவழி நாற்பது பொய்கையார். வெறும் பட்டியலாக வைத்தால் ஒரு வாரம் தாங்காது. பொருளைப் பிடியுங்கள். களவழி என்பது போர்க்களம். சோழன் செங்கணானிடம் சிறைப்பட்ட சேரன் கணைக்கால் இரும்பொறையை மீட்கப் பொய்கையார் பாடியது என்பது அதன் கதை. பதினெட்டில் புறப்பொருள் பாடும் ஒரே நூலும் அதுதான். கதை தெரிந்தால் பொய்கையாரை வேறு யாரோடும் மாற்றிப் போட மாட்டீர்கள். கார் என்றால் மழைக்காலம், ஆகவே அகம். மிச்சம் இருப்பது இன்னா, இனியவை இரண்டுதான். அவற்றுக்கு மட்டும் அட்டை போதும்.

மருந்துப் பெயர் கொண்ட மூன்றும் இப்படித்தான். திரிகடுகத்தில் மூன்று சரக்கு: சுக்கு, மிளகு, திப்பிலி. சிறுபஞ்சமூலத்தில் ஐந்து வேர். ஏலாதியில் ஏலம் முதலான ஆறு. பாடல்தோறும் சொல்லும் கருத்துகளின் எண்ணிக்கையும் மூன்று, ஐந்து, ஆறு. ஆசிரியர்கள் முறையே நல்லாதனார், காரியாசான், கணிமேதாவியார். திணைமாலை நூற்றைம்பதும் கணிமேதாவியார் எழுதியது என்பதை ஏலாதி அட்டையின் பின்பக்கத்திலேயே சிவப்பில் போட்டு வையுங்கள். அதுதான் பொறி.

யூடியூபில் கிடைக்கும் 'ஷார்ட்கட்' வாக்கியங்களைப் பற்றிக் கேட்பார்கள். முதலெழுத்தைக் கோத்து உருவாக்கிய அபத்த வாக்கியம் ஒன்றிரண்டு இருந்தால் உதவும். நாற்பது சேர்ந்தால் எந்த வாக்கியம் எதற்கு என்பதே தனிப் பாடமாகிவிடும். எட்டுத்தொகைக்கு "நற்றிணை நல்ல குறுந்தொகை ஐங்குறுநூறு" என்று தொடங்கும் வெண்பா ஏற்கெனவே இருக்கிறது. ஓசை இருப்பதால் நாக்கே எடுத்துக்கொடுக்கும், ஒரு நூல் விட்டுப்போனால் தளை தட்டும். அதை மனப்பாடம் செய்யுங்கள்.

7. ஆண்டுகளும் நீண்ட பட்டியல்களும்

எல்லா ஆண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். பாடத்துக்கு ஒன்றிரண்டு ஆண்டை ஆணியாக அடியுங்கள், மற்றவற்றைக் காரணத்தால் அதில் மாட்டுங்கள்.

1799-ஐ ஆணியாக அடிப்போம். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். மைசூர்ப் பக்கம் கை ஓய்ந்த கம்பெனி தெற்கே திரும்பியது, அதே ஆண்டு அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில். மிஞ்சியவர்கள் மருது சகோதரர்களோடு சேர்ந்து எழுந்தார்கள், 1801-இல் அதுவும் அடக்கப்பட்டது. திப்புவோடு சேர்ந்து போரிட்ட தீரன் சின்னமலை 1805 வரை தாக்குப்பிடித்தார். திப்புவின் பிள்ளைகளை அடைத்து வைத்திருந்தது வேலூர்க் கோட்டையில்; 1806 ஜூலை 10 புரட்சி வெடித்தது அங்கேதான். நான்கு ஆண்டும் ஒரே கயிற்றில் வந்துவிட்டன. "காலவரிசைப்படுத்துக" கேள்விக்கு இனி எண்கூடத் தேவையில்லை.

காரணத் தொடர்பே இல்லாத பட்டியல்களும் உண்டு. அரசியலமைப்பின் 12 அட்டவணைகள் அப்படிப்பட்டவை. இங்கேதான் பழைய இடமுறை உதவும். நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டில் வாசலிலிருந்து பின்கட்டு வரை பன்னிரண்டு இடங்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியை வையுங்கள். கேட்டில் இந்திய வரைபடம் தொங்குகிறது: மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும். திண்ணையில் சம்பளக் கவர்: பதவிகளுக்கான ஊதியம். நிலைப்படியில் ஒருவர் கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கிறார். ஹாலில் நாற்காலிகளை மாநிலவாரியாக எண்ணிப் போடுகிறார்கள்: மாநிலங்களவை இடங்கள். ஏழாவது இடம் பூஜை அலமாரி என்றால் அதில் மூன்று பட்டியல்: ஒன்றியம், மாநிலம், பொது. எட்டாவது அடுப்படி, அங்கே 22 மொழியில் சண்டை. பத்தாவது இடமான கொல்லைக் கதவில் ஒருவர் சுவர் ஏறிக் குதிக்கிறார்: கட்சித்தாவல் தடை, 52-ஆவது திருத்தம், 1985. விட்ட இடங்களை நீங்களே நிரப்புங்கள். உங்கள் வீட்டுக் காட்சி உங்களுக்குத்தான் ஒட்டும்.

இதற்குப் பிறவி வரம் எதுவும் தேவையில்லை. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சாதாரண ஆட்கள் ஆறு வாரம் தினமும் அரை மணி நேரம் இந்த முறையில் பழகினார்கள். 72 சொற்களில் சராசரியாக 26-ஐ நினைவு வைத்தவர்கள் 62 வரை வந்தார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் வீடு கட்டாதீர்கள். புரிந்துகொள்ளக்கூடியதைப் புரிந்துகொள்வதுதான் சிக்கனம்.

8. பெட்டி: எதை எப்போது திரும்பப் பார்ப்பது

எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து 1885-இல் எழுதினார். (காங்கிரஸ் தொடங்கிய அதே ஆண்டு, ஆணி அடித்துக்கொள்ளுங்கள்.) மறதி முதல் நாளிலேயே பெருமளவு நடந்துவிடுகிறது, அப்புறம் மெதுவாகிறது என்பது அவர் கண்டது. அதனால் முதல் திரும்பிப் பார்த்தல் சீக்கிரம் வர வேண்டும், அடுத்தடுத்தவை தள்ளித் தள்ளி வரலாம்.

ஐந்து அறைப் பெட்டி அதற்குத்தான். லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய முறை. புதிய அட்டை முதல் அறையில். முதல் அறையைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை மூன்று நாளுக்கொருமுறை, மூன்றாவதை வாரத்துக்கொருமுறை, நான்காவதைப் பதினைந்து நாளுக்கொருமுறை, ஐந்தாவதை மாதத்துக்கொருமுறை. விடை வந்தால் அட்டை அடுத்த அறைக்கு. வரவில்லை என்றால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கு.

"கிட்டத்தட்ட சொல்லிட்டேன்" என்று அடுத்த அறைக்கு நகர்த்துவதுதான் இங்கே பெரிய ஏமாற்று. வட்டம் நிரப்பி விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாளில் கிட்டத்தட்ட என்று ஒரு வட்டம் கிடையாது.

ஊர்த் திருவிழா, காய்ச்சல், வீட்டில் விசேஷம் என்று நான்கு நாள் விட்டுப்போகும். அட்டை குவிந்து கிடக்கும். அன்று புதிய பாடம் எடுக்காதீர்கள், முதல் அறையிலிருந்து தொடங்கி மேலே போங்கள். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். போனில் செய்ய விரும்புபவர்களுக்கு ஆங்கி (Anki) என்ற செயலி இதுபோன்ற கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். அட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைக்க முடிந்தவர்களுக்கு அது நல்லது.

9. திறனறிவும் கூற்று-காரணமும்

தனிவட்டியில் இருபது கணக்கு, மறுநாள் கூட்டுவட்டியில் இருபது என்று போடுவார்கள். தலைப்பைப் பார்த்தாலே சூத்திரம் தெரியும் என்பதால் கை ஓடும். பரீட்சையில் கணக்குக்கு மேல் தலைப்பு இருக்காது. எந்த வகை என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை, அந்தப் பாதியைப் பயிற்சி செய்யவே இல்லை. முதல் ஐந்து கணக்கு மட்டும் ஒரே வகையில் போடுங்கள். அதற்குப் பிறகு வட்டி, விகிதம், வேலை-நேரம், மீச்சிறு பொது மடங்கு எல்லாவற்றையும் கலந்து போடுங்கள். மெதுவாகத்தான் போகும், தப்பும் வரும். விடக்கூடாது.

பேனாவை எடுத்ததும் முதல் வரியில் 'என்ன கேட்கிறான்' என்று எழுதிப் பழகுங்கள். "10,000 ரூபாய்க்கு 10 சதவீதத்தில் 2 ஆண்டுக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம்" என்றால் கேட்பது வித்தியாசம் மட்டும். இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டியதில்லை. முதல் ஆண்டு வட்டி 1,000. இரண்டாம் ஆண்டில் அந்த 1,000-க்கு வரும் வட்டி 100. அதுதான் விடை.

கூற்று-காரணத்தில் மூன்று தனிக் கேள்விகளாகக் கேளுங்கள். கூற்று மட்டும் சரியா? அதை மறைத்துவிட்டுப் பார்த்தால் காரணம் மட்டும் சரியா? இரண்டும் சரி என்றால் நடுவில் 'ஏனென்றால்' போட்டு வாசித்தால் பொருந்துகிறதா? இரண்டும் உண்மையாக இருந்து ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கேள்வியில்தான் அவசரக்காரர்கள் விழுகிறார்கள்.

10. தூக்கமும் போனும்

சுருக்கமாகவே சொல்கிறேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். படித்தது தூக்கத்தில் நிலைப்படுகிறது. விடிய விடியப் படிப்பவர் அந்த வேலையைத் தடுக்கிறார். போனை சைலண்டில் மேசைமேல் வைக்காமல் அடுத்த அறையில் வையுங்கள். நாற்பது நிமிடம் அலாரம், பத்து நிமிடம் எழுந்து நடை. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் காலையில் பெட்டி, இரவில் புதிய பாடம் என்று பிரித்துக்கொள்ளலாம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் முதல் அறை அட்டைகளைச் சட்டைப்பையில் கொண்டு போங்கள்.

11. மாதிரித் தேர்வும் தவறுக் கணக்கும்

பாடத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததுமே மாதிரித் தேர்வைத் தொடங்குங்கள். முழுதும் முடியட்டும் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. வீட்டில் எழுதினாலும் கடிகாரம் வைத்து, வட்டம் நிரப்பி எழுதுங்கள். 200 கேள்விக்கு மூன்று மணி நேரம் என்றால் கேள்விக்கு 54 நொடி. நிரப்பும் நேரமும் அதற்குள்தான்.

மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தாளைத் தூக்கிப் போடுவது பெரும்பாலானோர் வழக்கம். தேர்வு எழுத மூன்று மணி நேரம் என்றால் தவறுகளை அலச இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு தவறின் பக்கத்திலும் நான்கில் ஒரு குறி போடுங்கள்.

'ப' என்றால் படிக்கவே இல்லை. அந்தப் பாடத்தின் மூன்றாம், நான்காம் படிக்குப் போங்கள்.

'ம' என்றால் படித்தது, மறந்துவிட்டது. அட்டை எழுதுங்கள், ஏற்கெனவே இருந்தால் முதல் அறைக்குத் தள்ளுங்கள்.

'கு' என்றால் குழம்பியது. இன்னொரு அட்டை எழுதிப் பயனில்லை. ஆறாம் படியில் சொன்னபடி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிரியுங்கள்.

'அ' என்றால் அவசரம். 'தவறானது எது' என்பதைச் 'சரியானது எது' என்று வாசித்திருப்பீர்கள். கேள்வியின் கடைசிச் சொல்லின் கீழே பேனாவால் கோடு போட்டுவிட்டுத்தான் விடைகளைப் பார்ப்பது என்று வழக்கப்படுத்துங்கள்.

எந்தக் குறி அதிகம் வருகிறதோ அதை வைத்து அடுத்த வாரத்தைத் திட்டமிடுங்கள். 'கு' நிறைய வந்தவர் புதிய பாடத்தைக் குறைக்கலாம். 'ப' நிறைய வந்தவர் பெட்டியில் செலவிடும் நேரத்தைக் குறைத்துப் பாடத்தை நகர்த்தலாம். இருவருக்கும் ஒரே கால அட்டவணை போட்டுக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஓஎம்ஆர் பற்றி ஒன்று. குரூப் 4-இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஐந்தாவதாக 'விடை தெரியவில்லை' என்ற வட்டமும் இருக்கும். இரண்டு விடையை நீக்க முடிந்த கேள்வியில் ஐந்தாவது வட்டத்துக்குப் போகாதீர்கள், மீதி இரண்டில் ஒன்றை நிரப்புங்கள். எதையும் காலியாக விடவும் வேண்டாம். ஹால் டிக்கெட்டோடு வரும் அறிவுரைகளை முந்தின வாரமே ஒருமுறை முழுதாகப் படித்து, அதில் சொன்னபடியே கடைசி இரண்டு மாதிரித் தேர்வுகளையும் கருப்பு பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள்.